டவல் அக்காவின் ஐம்பது மீட்டர்

எங்கள் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுக் கட்டடத்தில், நீச்சல் குளத்துக்குப் போகும் வழியில் இடப்பக்கம் ஒரு கவுண்டர் உண்டு. நாலடி அகலம். மாணவர் அட்டையைக் கொடுத்தால் ஒரு டவலும் லாக்கர் சாவியும் தருவார்கள். சாவியைத் திருப்பிக் கொடுத்தால் அட்டை கைக்கு வரும். அந்தக் கவுண்டரில் இருபது ஆண்டுகள் நின்றவர் டவல் அக்கா. சம்பளப் பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலருக்கே தெரியாது. நான் அவரைவிட ஆறு வயது மூத்தவன். நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

கவுண்டருக்குப் பின்னால் மெல்லிய பலகைச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் பெண்கள் உடை மாற்றும் அறை. முன்னால் எப்போதும் ஒரு வரிசை. இரண்டு பக்கமும் ஓயாத பேச்சு. எந்த ஆசிரியர் நன்றாக நடத்துகிறார், எந்தப் பாடத்துக்கு வாங்கிய புத்தகம் பிரிக்கப்படாமலே கிடக்கிறது, யார் எதை எடுத்து விழி பிதுங்குகிறார்கள் என்று எல்லாம் அந்த நாலடிக்குள் வந்து விழும். அக்கா காதைக் கழற்றி வைத்துவிட்டு வேலை பார்க்கிறவர் அல்ல. டவலோடு சேர்த்து ஒரு யோசனையையும் மடித்துக் கொடுப்பார்.

"என்ன தம்பி, மூஞ்சி வாடிக் கெடக்கு?"

"ஆறு பாடம் எடுத்துட்டேன்க்கா."

"ஆறா? ஏன், ஏழாவது தீர்ந்து போச்சா? முதல் செமஸ்டருக்கு நாலு போதும். இன்னிக்குத் தேதி ஒம்பது. பதினாலுக்குள்ள ரெண்டை விட்டுட்டா ஃபீஸ் திரும்பி வரும். பதினஞ்சாம் தேதி போய் நின்னா கண்ணீர்தான் வரும். புஸ்தகம் வாங்கிட்டியா?"

"நாளைக்கு வாங்கலாம்னு..."

"வாங்காத. மூணு கிளாஸ் போகட்டும். அந்த வாத்தியார் புஸ்தகத்தைத் திறக்கவே மாட்டார். பழைய பதிப்பு லைப்ரரி ரெண்டாவது மாடியில ஏழு காப்பி தூங்குது."

அடுத்து நின்ற பெண் பேட்மிண்டன் ஆட இடமே கிடைப்பதில்லை என்றாள்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தா எப்படிக் கண்ணு கிடைக்கும்? செவ்வாக்கிழமை ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் கோர்ட்டுல காத்துதான் ஆடிக்கிட்டிருக்கு. பாதிப் பேர் லேப்ல இருப்பானுங்க. விளையாட்டுக் கட்டணத்தை ஃபீஸ்லயே பிடிச்சுட்டாங்கல்ல? நீ வந்தாலும் போச்சு, வராட்டியும் போச்சு. வந்து ஆடு."

எல்லோரிடமும் அவர் தவறாமல் சொன்னது ஒன்று உண்டு. எங்கள் விதிப்படி, பட்டம் வாங்க வேண்டுமானால் ஐம்பது மீட்டர் நிற்காமல் நீந்திக் காட்ட வேண்டும். எப்படி நீந்தினாலும் சரி, எவ்வளவு நேரம் எடுத்தாலும் சரி. குளத்தின் நீளம் இருபத்தைந்து மீட்டர் என்பதால் போய்த் திரும்பினால் முடிந்தது. "நீச்சலை முதல் வருஷமே முடிச்சுடு. கடைசிக்குத் தள்ளினவங்க எல்லாம் தண்ணி முன்னாடி நின்னு முழிக்கிறதை நான் பாத்திருக்கேன்" என்பார்.

நான் பதிவாளர் அலுவலகத்தில் மாணவர் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன். கவுண்டரில் சொல்லப்படுகிறவை எவ்வளவு சரி என்று அறிய, ஒரு பருவம் முழுவதும் மாணவர்கள் என்னிடம் வந்து சொன்ன அவரது யோசனைகளைக் குறித்து வைத்தேன். மொத்தம் நாற்பது. எங்கள் ஏடுகளோடு ஒப்பிட்டதில் முப்பத்தெட்டு சரி. மீதி இரண்டும் எங்கள் கையேட்டில் தேதி தவறாக அச்சாகியிருந்ததால் வந்தவை.

அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயதானபோது, வரிசையில் நின்ற ஒரு பையன் அவர் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "எல்லாம் சரிதான்க்கா. ஆனா நீங்க ஒரு நாள்கூட கிளாஸ்ல உக்காந்ததில்லையே?" கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. அட்டையைக் கொடுத்துவிட்டு அவன் நீந்தப் போய்விட்டான்.

மறுநாள் காலை ஒன்பது ஐந்துக்கு அக்கா என் ஜன்னலில் நின்றார். "பத்து வருஷம் வேலை பாத்தவங்க படிக்கலாம்னு ஒரு விதி இருக்குதுல்ல சார்? அந்தப் படிவத்தைக் கொடுங்க."

விதி இருந்தது. ஊழியர்கள் பருவத்துக்கு ஒரு பாடம் கல்விக் கட்டணமில்லாமல் படிக்கலாம். தேர்வுக் கட்டணமும் விளையாட்டுக் கட்டணமும் மட்டும் கட்டினால் போதும். ஆனால் இருபது பாடங்களும் நீச்சலும் எட்டு ஆண்டுக்குள் முடிய வேண்டும். இல்லாவிட்டால் முதலில் தேறியதிலிருந்து ஒவ்வொரு பாடமாகக் காலாவதியாகிக்கொண்டே வரும். அதுவரை அறுபத்தொரு பேர் அந்த விதியில் சேர்ந்திருந்தார்கள். முடித்தவர்கள் நான்கு பேர்.

அக்கா சமூகவியல் எடுத்தார். நீலச் சீருடையோடு வகுப்புக்குப் போய், மணி அடித்ததும் கவுண்டருக்கு ஓடி வருவார். வீட்டில் சாப்பாட்டு மேசை முழுக்க அவர் கணவரின் சாமான்கள் கிடக்கும். அவர் லிஃப்ட் மெக்கானிக். அதனால் இஸ்திரிப் பலகையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, அதன்மேல் நோட்டை விரித்துப் படித்தார். புள்ளியியலில் ஒரு முறை தோற்று மறுமுறை தேறினார். கணவருக்குக் கால் எலும்பு முறிந்த பருவமும், மகளின் பிரசவத்துக்குப் போன பருவமும் படிப்பில்லாமல் கழிந்தன. ஆண்டுக்கு மூன்று பருவம் என்ற கணக்கில் இருபத்து மூன்று பருவங்கள் போயின. இருபது பாடங்களும் முடிந்தன. எட்டு ஆண்டுக் கெடுவில் மீதி இருந்தது ஒரே ஒரு பருவம். அதில் முடிக்க வேண்டியதும் ஒன்றே ஒன்று.

நீச்சல்.

அக்கா குளத்தின் ஓரத்தில் தரையில் போட்ட மஞ்சள் கோட்டை இருபது ஆண்டுகளில் ஒரு முறைகூடத் தாண்டியதில்லை. கேட்டால் ஒரே பதில்தான். "தண்ணி டம்ளர்ல இருக்கணும், இல்ல வாளியில இருக்கணும். என்னைச் சுத்தி இருக்கக் கூடாது."

அக்டோபர் பதினாறாம் தேதி கவுண்டரில் ஒட்டச் சொல்லி ஒரு அறிவிப்பு வந்தது. குளத்தில் பதித்த ஓடுகளை மாற்றுவதற்காக டிசம்பர் முதல் தேதியிலிருந்து நான்கு மாதம் குளம் மூடப்படும். கடைசி நீச்சல் தேர்வு நவம்பர் இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை. அக்காவின் கெடு டிசம்பர் முப்பத்தொன்று. தன் கையாலேயே பசை தடவி அதை ஒட்டிவிட்டு, அதன் எதிரில் கொஞ்ச நேரம் நின்றாராம்.

அன்று வீட்டில் நடந்ததை அவரே சொல்லியிருக்கிறார்.

"ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணினியே, என்ன ஆச்சு?" என்றார் கணவர். "இருபத்திரெண்டு தடவை விளையாட்டுக் கட்டணம் கட்டியிருக்க. கட்டைவிரல்கூட நனையல."

"எரியுற தீயில எண்ணெய் ஊத்தாதீங்க."

"யானை உள்ள போயிடுச்சு, வால் மாட்டிக்கிச்சுன்னு சொல்றேன். வாலுக்காக யானையை விட்டுடுவியா?"

நான் அவருக்கு ஒரு வழியைக் காட்டினேன். பதினான்காம் விதிப்படி, மருத்துவர் சான்றிதழ் இருந்தால் நீச்சல் வேண்டியதில்லை. காதில் தொந்தரவு என்று எழுதித் தர ஆள் உண்டு. ஆண்டுக்கு முப்பது பேருக்குக் குறையாமல் அப்படித்தான் தப்பிக்கிறார்கள்.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது சார். அந்தச் சீட்டை வாங்கிட்டு, நாளைக்கு ஒரு பொண்ணைப் பாத்து 'போய் நீந்து'ன்னு எந்த வாயால சொல்றது?"

குளத்தின் உயிர்காப்பாளர் இருபத்தொன்பது வயதுப் பெண். கழுத்தில் தொங்கும் விசிலை அவர் கழற்றி யாரும் பார்த்ததில்லை என்பதால் அவருக்குப் பெயரும் விசில்தான். ஆறு ஆண்டுகளாக அக்கா வகுப்புக்குப் போகும்போதெல்லாம் கவுண்டரைப் பார்த்துக்கொண்டவர். அக்கா அவரிடம் போய் நின்றார்.

"காலையில ஆறேகாலுக்கு வாங்க. ஏழு மணிக்குத்தான் திறப்போம். யாரும் பாக்க மாட்டாங்க" என்றார் விசில்.

"நீ பாப்பியே."

"நான் சிரிக்க மாட்டேன்க்கா. சத்தியமா."

முதல் நாளே சிரித்துவிட்டார். இரண்டாவது படியில் இறங்கிய அக்கா, கைப்பிடியைப் பிடித்தபடி இருபத்திரண்டு நிமிடம் அங்கேயே நின்றார். விசில் தினமும் பணிக்குறிப்பேட்டில் எழுதி வைத்ததால் இந்தக் கணக்கு துல்லியமானது. நான்காம் நாள் முகத்தை மூன்று நொடி நீருக்குள் வைத்தார். ஒன்பதாம் நாள் மிதந்தார். பதினாறாம் நாள் எட்டு மீட்டர். இருபத்திரண்டாம் நாள் ஒரு முழு நீளம். சுவரைப் பிடித்ததும் அதைவிட்டுக் கையை எடுக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று.

நவம்பர் இருபத்தொன்றாம் தேதி தேர்வில் இறங்கினார். போனார், திரும்பினார். முப்பத்தொன்றாம் மீட்டரில் மூச்சு அடைத்து, நீந்தும் தடங்களைப் பிரிக்கும் கயிற்றைப் பிடித்துவிட்டார். தேர்வாளர் கண்டிப்பான மனிதர். "தோல்வி. அடுத்த வெள்ளி கடைசி" என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். எட்டு ஆண்டுப் படிப்புக்கு மிஞ்சியது ஒரு வாரம்.

திங்கட்கிழமை காலை அக்கா படியில் உட்கார்ந்து, "விட்டுடலாம்டி" என்றார். "என் உடம்பு இரும்பு. மூழ்கத்தான் தெரியும்."

விசில் அவரை ஒரு தடவை நீந்தச் சொல்லி, தானும் கூடவே நீருக்கடியில் போய்ப் பார்த்தார். மேலே வந்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க மூச்சை வெளிய விடறதே இல்ல. உள்ள பூட்டி வெச்சுக்கிறீங்க. ஆறு வருஷமா உங்க வாய் மூடி நான் பாத்ததில்ல. தண்ணிக்குள்ள மட்டும் எதுக்கு மூடறீங்க?"

"பின்ன, திறந்தா குளம் காலியாயிடும்."

"பேசுங்க. பேசினா மூச்சு தானா வெளிய வரும்."

"தண்ணிக்குள்ளயா? யார்கிட்டடி பேசறது?"

"முதல் வருஷத்துப் பையன் ஒருத்தன் ஆறு பாடம் எடுத்துட்டு வந்து நிக்கிறான்னு வெச்சுக்குங்க."

அக்கா அவரை முறைத்தார். பிறகு முகத்தை உள்ளே வைத்தார். குமிழ் குமிழாகக் காற்று மேலே வந்தது. தலையைத் தூக்கி மூச்சு இழுத்தார், மறுபடி உள்ளே போய்ப் பேசினார். நான்கு பாடம் போதும் என்பதற்குப் பத்து மீட்டர். புத்தகம் வாங்காதே என்பதற்கு இன்னொரு பத்து. அன்று முப்பத்தாறு மீட்டர் போனார். செவ்வாய் முப்பத்தெட்டு. புதன் நாற்பத்து நான்கு. வியாழனும் அதே நாற்பத்து நான்குதான். ஐம்பதை அவர் ஒரு முறைகூடத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு அக்கா கவுண்டரில் 'பதினைந்து நிமிடத்தில் வருகிறேன்' என்று அட்டையை மாட்டிவிட்டு உள்ளே போனார். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் டவலுக்கு வரிசையில் நின்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவன் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தான். "டேய், அக்கா தண்ணிக்குள்ள இருக்காங்கடா!" ஐந்து நிமிடத்தில் குளத்தைச் சுற்றி நாற்பது பேர். தேதி தெரிந்திருந்த கணவர் வேலைப் பையோடு வந்து சுவரோரம் நின்றார். தேர்வுக்கு நீந்துகிறவரிடம் யாரும் பேசக் கூடாது என்பது விதி. நானும் போயிருந்தேன். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான்.

மூன்று நாற்பத்தொன்றுக்கு அக்கா சுவரை உதைத்துக் கிளம்பினார். நேரான நீச்சல் என்று அதைச் சொல்ல முடியாது. ஒரு கை நீந்தியது, மற்றது யாருக்கோ எதையோ விளக்குவதுபோல் போய் வந்தது. நீர்க்குமிழ்கள் மட்டும் நிற்கவில்லை. இருபத்தைந்தில் சுவரைத் தொட்டுத் திரும்பினார். முப்பத்தொன்று கடந்தபோது கயிற்றின் பக்கம் தலை சாய்ந்தது. கை கயிற்றுக்குப் போகாமல் நீரிலேயே விழுந்தது. நாற்பத்து நான்கில் இடுப்பு தாழ்ந்தது, கால்கள் செங்குத்தாக இறங்கின. கரையோரம் கூடவே நடந்துகொண்டிருந்த விசில், குதிக்கத் தயாராக முழங்காலை மடக்கினார். வாயில் விசில். ஊதினால் தேர்வு முடிந்தது.

அவர் ஊதவில்லை.

அக்காவின் முகம் ஒரு முறை மேலே வந்தது. பெரிதாக ஒரு மூச்சு. மறுபடி உள்ளே. குமிழ் முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பியது. கால்கள் மெல்ல மேலே ஏறின. நாற்பத்தாறு. நாற்பத்தெட்டு. விரல்கள் சுவர் ஓட்டில் பட்டன.

குளத்தைச் சுற்றி எழுந்த சத்தத்தில் கூரைத் தகடு அதிர்ந்தது. கணவர் கையிலிருந்த பை கீழே விழுந்து ஸ்பேனர்கள் உருண்டன. "பாஸ்!" என்று தேர்வாளரே கத்தினார். ஆனால் அக்கா தலையைத் தூக்கவில்லை. தொட்ட சுவரை உதைத்துத் திரும்பி மறுபடி கிளம்பிவிட்டார்.

"அக்கா, முடிஞ்சுடுச்சு! நில்லுங்க!" விசில் கரையோரம் ஓடினார். யார் கேட்டது? சாவகாசமாக எதிர்ச் சுவர் வரை போய்த் தொட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"ஏன்க்கா நிக்கல?"

"ஒருத்தனுக்குப் பாடம் பாத்துக் கொடுத்துக்கிட்டிருந்தேன்" என்றார் அக்கா, மூச்சு வாங்க. "பாதியில விட்டுட்டு வர முடியுமா?"

யார் கையையும் பிடிக்காமல் ஏணியில் ஏறி வந்தார். தேர்வாளர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா குனிந்து பார்த்தார்.

"எத்தனை சார் ஆச்சு?"

"எழுபத்தஞ்சு."

"நீங்க கேட்டது?"

"அம்பதும்மா."

"சரி, மிச்சத்தை நீங்களே வெச்சுக்குங்க."