நாற்பத்தேழாம் எண் குழாய்

கொசுக்கடி அக்காவை நான் முதலில் பார்த்தது, எங்கள் வீட்டின் முதல் பட்டத்தை வாங்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த அன்று. உடல் தகுதிச் சோதனைக்கு ரத்தம் எடுக்க வேண்டும். ஊசியைப் பார்த்ததும் நிமிர்ந்த நெஞ்சு தானாக இறங்கிவிட்டது.

"படிச்ச புள்ள, இப்படி வேர்க்குதே! அந்தச் செவுத்துல என்ன எழுதியிருக்கு, படி பாப்போம்."

இரண்டு வரி படிப்பதற்குள் அக்கா ரத்தத்தை எடுத்துவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டார். கொசு கடித்த மாதிரிகூட இல்லை. பெயர்க் காரணம் அன்றே புரிந்தது.

இருபத்தோரு வருஷமாக அக்காவுக்கு அதே நாற்காலி, அதே ஜன்னல். ஆள் எழுந்திருக்கும் முன்பே, அவர் கண்ணெதிரே ரத்தம் பிடித்த குழாயில் சீட்டை ஒட்டி, பெயரைச் சொல்லச் சொல்லிச் சரிபார்ப்பார். "ஒரு குழாய்கூட மாறினதில்ல" என்பதுதான் அவர் சேர்த்த சொத்து.

போன வருஷம் அங்கே ஓர் ஆய்வு நடந்தது. மார்பில் கட்டி கைக்குத் தட்டுப்படும் முன்பே, அதிலிருந்து உதிரும் டிஎன்ஏ துணுக்குகள் ரத்தத்தில் ஓடுமாம். அவற்றை வைத்து நோயை முன்னதாகவே பிடிக்க முடியுமா என்று பார்க்கிற ஆய்வு. ஒப்பிடுவதற்கு, ஸ்கேன் எடுத்து நோயில்லை என்று தெரிந்த பெண்கள் ஐம்பது பேர் தேவை. கடைசி நாள் சாயங்காலம் ஒருத்தி வரவில்லை. குழாய்களை ஏற்றிப்போகும் வண்டி வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறது. அக்கா கதவைச் சாத்தினார். ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டி, தன் கையில் தானே எடுத்து, வராதவளின் எண்ணை ஒட்டி அனுப்பிவிட்டார். நாற்பத்தேழு. அக்கா அதுவரை ஸ்கேனே எடுத்ததில்லை.

மூன்று மாதம் கழித்து ஆய்வு டாக்டரம்மா ஒரு தாளோடு வந்தார்.

"ஏம்மா, இந்த நாப்பத்தேழு ஏன் நோயாளிங்க பக்கம் போய் நிக்குது? அந்தப் பொண்ணு ஸ்கேன்ல ஒண்ணுமே இல்ல. குழாய்தான் மாறியிருக்கு. கொசுக்கடிக்கும் கை தப்பும்போல! சரி விடு, அதை எடுத்துடறேன்."

கையிலிருந்த பஞ்சுருண்டை விழுந்து உருண்டதுகூட அக்காவுக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, தான் குழாயை மாற்றியிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ரத்தம் எடுத்ததைக் குறித்துவைக்கும் நோட்டில் அந்தக் கடைசி நாளின் பக்கத்தைப் புரட்டினார். அந்தச் சாயங்காலம் எடுத்தது ஒரே ஒரு குழாய். மாறிப்போக இன்னொன்று இருந்தால்தானே!

அன்றிலிருந்து குளியலறையில் விரல்கள் தேடின. தட்டுப்பட்டுவிடுமோ என்று பயம். ஒன்றும் தட்டுப்படாதபோது அதைவிடப் பயம். தட்டுப்படும் முன்பே காட்டிக்கொடுக்கிற சோதனையாயிற்றே.

"என்னடி, அரை மணி நேரமா தண்ணி ஓடுது. உள்ள ஆறு வெட்டுறியா?" லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் கதவைத் தட்டினார்.

"ஏங்க, நான் வேலையில ஒரு தப்பு பண்ணிட்டேன்னு வச்சுக்குங்க..."

"நீயா? போடி. உங்கிட்ட ஒரு தப்பு கண்டுபிடிக்கத்தான் நானும் இத்தனை வருஷமா பாடுபடுறேன்."

அக்கா குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டு அழுதார்.

பத்தாம் நாள் காலையில் டாக்டரம்மா முன்னால் போய் நின்றார். "குழாய் மாறல டாக்டர். அது என் ரத்தம்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "பைத்தியமா உனக்கு? ஒம்பது நாளா இதை வச்சுக்கிட்டா எல்லாருக்கும் ஊசி போட்டுட்டு இருந்த?" ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை. கையைப் பிடித்து ஸ்கேன் அறைக்கு இழுத்துப் போனார்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை.

"அப்ப எனக்கு இல்லதானே டாக்டர்?"

"தெரியலம்மா. ரத்தச் சோதனை தப்பா சொல்லியிருக்கலாம். ஸ்கேனுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாவும் இருக்கலாம். ஆறு மாசத்துக்கு ஒருதரம் பாப்போம்."

விதியை மீறியதற்கான எச்சரிக்கைக் கடிதம் வந்தது; அதை அக்காவின் கோப்பில் வைத்தவன் நான்தான். ஆய்வுப் பட்டியலில் நாற்பத்தேழாம் எண்ணை அடித்துவிடவில்லை. அதன் பக்கத்திலேயே, நடந்ததை எழுதி, டாக்டரம்மாவும் அக்காவும் கையெழுத்துப் போட்டார்கள்.

இரண்டாவது ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. அக்கா அதே ஜன்னலோரம், அதே நாற்காலியில் ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவது ஸ்கேன் வரும் வெள்ளிக்கிழமை.