எந்தப் பரவாயில்லை?

"தூக்கம் எப்படிக்கா?"

"பரவாயில்லை."

"பசி?"

"பரவாயில்லை."

"கை கால் வலி, மரத்துப்போறது, அந்த மாதிரி ஏதாவது?"

"அது பரவாயில்லை, தங்கச்சி."

"மனசு? எதுலயும் பிடிப்பு இல்லாத மாதிரி, சும்மாவே அழுகை வர்ற மாதிரி?"

"அழறதுக்கு எங்க நேரம் இருக்கு? பரவாயில்லைன்னு போடுங்க."

மடிப்பக்காவிடம் நான் முதல்முறை கேள்வித்தாளுடன் உட்கார்ந்தபோது பேச்சு இப்படித்தான் போனது. ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கும் சலவைக்கூடத்தின் பின்னறை அது. மொத்தம் இருபது கேள்விகள். பதினேழுக்கு ஒரே பதில்.

பதில் சொன்ன நேரம் முழுக்க அவர் மடித்துக்கொண்டே இருந்தார். "கையைச் சும்மா வச்சா எனக்கு வாய் திறக்காது" என்றார். படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து ஓர் உதறு, பாதியாக, மறுபடி பாதியாக, பிறகு மூன்றாக. ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று நூல் பிடித்தாற்போல் உட்காரும். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு மடிப்பக்கா என்று பெயர் வைத்தது இதற்காகத்தான்.

பதினெட்டாவது கேள்வியின்போது ஒரு விரிப்பின் ஓரத்தில் யாரோ எடுக்க மறந்த ஊக்கு அவருடைய இடது கட்டைவிரலில் ஏறியது. அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. வெள்ளைத் துணியில் சிவப்பாக ஒரு புள்ளி, பிறகு இன்னொன்று.

"அக்கா, ரத்தம்!"

அவர் முதலில் துணியைப் பார்த்தார். அப்புறம்தான் விரலைப் பார்த்தார், அது வேறு யாருடைய விரலோ என்பது போல. "அடடா, வெள்ளைத் துணியாச்சே" என்று விரிப்பை மறுசலவைக் கூடையில் போட்டார். ஊக்கைக் கழற்றி மேசை ஓரத்தில் வைத்தார்.

"வலிக்கலையா?"

"பரவாயில்லை."

விரலுக்குச் சொன்னாரா, துணிக்குச் சொன்னாரா, பதறிப்போன என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாரா, எனக்குப் புரியவில்லை. தாளில் பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

அகதிகளாக வந்து இங்கே குடியேறியவர்களின் உடல்நலமும் மனநலமும் எப்படி இருக்கின்றன என்று அறிவதற்கான ஆய்வு அது. கேள்வி கேட்கப் போன நான்கு பேரில் நானும் ஒருத்தி. வீட்டில் தமிழ், ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளியில் வேறு மொழி என்று வளர்ந்தவள் என்பதால், கேள்வித்தாளைத் தமிழில் எழுதும் பொறுப்பும் எனக்கு வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு பதில்கள்: தொந்தரவு இல்லை, கொஞ்சம், அதிகம், தாங்க முடியவில்லை. பூஜ்யத்திலிருந்து மூன்று வரை புள்ளிகள். மொத்தம் பத்துக்கு மேல் போனால் ஒரு மாதத்துக்குள் நரம்பு டாக்டரும் மனநல ஆலோசகரும் பார்ப்பதற்கு ஆய்வே ஏற்பாடு செய்யும். பத்துக்குக் கீழே என்றால் நன்றி சொல்லி ஒரு கடிதம்.

கேள்வி கேட்பவர்களுக்கான குறிப்பில் நானே ஒரு வரி எழுதியிருந்தேன்: 'பரவாயில்லை என்று சொன்னால் தொந்தரவு இல்லை என்று குறிக்கவும்.' எழுதும்போது எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அகராதியும் அப்படித்தான் சொன்னது.

மடிப்பக்காவுக்குக் கிடைத்தது இரண்டு புள்ளி.

அவர் சொந்த ஊரில் பேருந்துப் பணிமனையில் டிக்கெட் கட்டுகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவர். நூறு டிக்கெட் கட்டைக் கட்டைவிரலால் ஒரு முறை தட்டினாலே இரண்டு குறைகிறது என்று சொல்லிவிடுவாராம். ஊரை விட்டு ஓடியபோது வயது முப்பத்தெட்டு. நான்கு வருடம் முகாம். கணவர் அங்கேயே காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டார். பிறகு கணவருடைய தம்பி குடும்பத்தோடு இந்த நகரத்துக்கு வந்து எட்டு வருடமாகிறது. கொழுந்தன் வெளியூரில் கட்டட வேலையில் இருக்கிறார். மாடியறையில் மடிப்பக்காவும் ஓரகத்தியும் மட்டும்.

ஓரகத்தியையும் நான் ஏற்கெனவே பேட்டி கண்டிருந்தேன். அவருக்குப் பத்தொன்பது புள்ளி. "எனக்கு வர்றது தலைவலி இல்ல தங்கச்சி, தலையே வேணாம்னு கழட்டி வைக்கத் தோணுற வலி" என்று தொடங்கி ஒரு மணி நேரம் பேசினார். டாக்டரைப் பார்க்க அவருக்கு நாள் குறித்தாகிவிட்டது.

புதன்கிழமை அலுவலகத்தில் ஆய்வுத் தலைவி எல்லா மொழிக்காரர்களின் புள்ளிகளையும் ஒரே படமாகப் போட்டுக் காட்டினார். தமிழ் பேசுபவர்களின் கோடு மட்டும் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. எல்லாரையும்விட இவர்கள்தான் நலமாக இருக்கிறார்கள், என்ன மனத்திடம் என்று அவர் வியந்தார். எனக்கு அந்த ஊக்கு ஞாபகம் வந்தது. கையைத் தூக்கி, மடிப்பக்காவின் விரலில் ஊக்கு ஏறியதைச் சொல்லி, குறிப்பில் நான் எழுதிய வரி தப்பாக இருக்கலாம் என்றேன்.

சரி, அந்தச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம் என்று கேட்டார்.

சொல்ல வாயெடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நன்றாக இல்லை, ஆனால் அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றும் அர்த்தம். காலை மிதித்தவர் மன்னிப்புக் கேட்டால் அதற்கும் அதுதான். இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள் என்றால் வேண்டாம் என்பதற்கும் அதுதான். சொல்லச் சொல்ல எனக்கே தலை சுற்றியது. இருபத்தாறு வருடமாகத் தினமும் சொல்லிவரும் சொல்.

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். அந்த அம்மா சொன்னது இதில் எது?

தெரியவில்லை என்றேன்.

தெரியாமல் நீ ஊகித்துப் புள்ளி போட முடியாது, எல்லாரையும் மறுபடி கேட்க வேண்டியதுதான் என்றார் அவர். ஆனால் டாக்டருக்கு அனுப்பும் பட்டியல் வெள்ளிக்கிழமை மூடுகிறது.

முதல் ஆளாக, வியாழன் மாலை மடிப்பக்காவின் அறைக்குப் போனேன். இரண்டு கட்டில், நடுவில் ஒரு நாற்காலி, சுவரோரம் மடித்த துணி ஓர் ஆள் உயரத்துக்கு. ஓரகத்தி டீ கொண்டுவந்தார். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இவங்க பரவாயில்லைன்னு சொன்னா அப்படியே எழுதிட்டு வந்திடுறதா? நல்லாப் படிச்ச தங்கச்சி நீ! நான் போடுற டீயைப் பரவாயில்லைன்னு சொன்னா கீழே ஊத்தணும்னு அர்த்தம்."

"டீ நெசமாவே பரவாயில்லைடி" என்றார் மடிப்பக்கா.

"பாத்தியா? இதுல நான் எதை எடுத்துக்கிறது?"

"இவ தும்மினா தெருவே மூக்கைச் சிந்தும், தங்கச்சி. இவ பேச்சைக் கேட்டு எழுதாதீங்க."

"அக்கா, ரெண்டு தடவை விரிப்புக் கட்டைக் கீழே போட்டீங்களா இல்லையா? இன்னொரு தடவை விழுந்தா வேற ஆளைப் பாத்துக்கிறோம்னு மேஸ்திரி சொன்னாரா இல்லையா?"

மடிப்பக்கா இடது கையை வலது கைக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

பேட்டி கொடுப்பவர் தனியாக இருக்க வேண்டும் என்பது விதி. ஓரகத்தியை வெளியே நிற்கச் சொன்னேன். "நிக்கிறேன், காதைப் பொத்திக்கணும்னு விதி இல்லையே" என்று கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

இந்த முறை 'எப்படி' என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"நேத்து எத்தனை தடவை முழிச்சீங்க?"

"நாலு."

"முந்தாநாள்?"

"நாலு, அஞ்சு. குழாய்ல தண்ணி வர்ற சத்தம் கேட்டா எந்திரிச்சு வரிசைக்குப் போகணும்னு தோணும். அப்புறம் இது நம்ம அறைன்னு ஞாபகம் வரும்."

"எத்தனை விரல் மரத்துப்போகுது?"

அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "மூணு. சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் இன்னும் சொரணை இருக்கு."

"கடைசியா எப்போ அழுதீங்க?"

"செவ்வாய். துணி உலர்த்துற மெஷின் பக்கத்துல. சூட்டுல சீக்கிரம் காஞ்சிடும்."

"ஐயோ, என்கிட்ட சொல்லவே இல்லையே!" என்றது கதவு.

"உன்கிட்ட சொன்னா நீயும் சேர்ந்து அழுவ. ரெண்டு பேரை எவன் தேத்துறது?"

பதினாலு புள்ளி வந்தது. கூட்டித் தலை நிமிர்ந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முகாம்ல காலையில வரிசையில நிக்கணும். ஆபீசர் ஒவ்வொருத்தரையா கேப்பார், எல்லாம் சரியான்னு. இல்லைன்னு சொன்னவங்களைத் தனியா உட்கார வச்சிடுவாங்க. அன்னிக்கு வரிசை போச்சு, அரிசியும் போச்சு. எங்க வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தப்ப கூட நான் வரிசையிலதான் நின்னேன். கேட்டாங்க. பரவாயில்லைன்னேன்."

குழாய் எங்கோ சொட்டியது.

"அதனாலதான் அன்னைக்கு எங்கிட்டயும் அப்படிச் சொன்னீங்களாக்கா?"

"அதெல்லாம் இல்ல. அன்னைக்கு நெசமாவே பரவாயில்லாமத்தான் இருந்துச்சு. சாப்பாட்டு நேரம், வெயில் வேற உள்ளே வந்துச்சு, ஊர்ப் பேச்சுல பேசுற ஒரு புள்ள எதிர்ல உக்காந்திருந்துச்சு. பொய் சொல்லலை, தங்கச்சி."

ஒரே ஆள், ஒரே இருபது கேள்விகள். ஒரு தாளில் இரண்டு, இன்னொரு தாளில் பதினாலு, இரண்டுமே உண்மை என்கிறார். வெள்ளிக்கிழமை காலை நான் இரண்டாவது தாளைக் கொடுத்தேன். மறுபேட்டி என்பதால் முதல் தாளும் கூடவே இணைக்கப்பட்டது. எந்தக் குறிப்பும் எழுதத் தெரியாமல் குறிப்புக்கான இடத்தைக் காலியாக விட்டேன். மற்றவர்களின் தாள்களைத் திருத்த ஆறு வாரம் ஆயிற்று. அதில் எத்தனை பூஜ்யம் உண்மையில் பூஜ்யம் என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து பத்து நாள் கழித்து நரம்பு டாக்டரின் நாளும் நேரமும் எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போனேன். மடிப்பக்கா அதை வாங்கிப் பார்த்து, பழக்கதோஷத்தில் பாதியாக, மறுபடி பாதியாக, பிறகு மூன்றாக மடித்தார்.

"டாக்டருக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியாதுக்கா. போன்ல ஒருத்தர் மொழிபெயர்ப்பாங்க."

"மொதல்ல என்ன கேப்பாரு?"

"எப்படி இருக்கீங்கன்னுதான் கேப்பாரு."

"அங்கதான் சிக்கல்." ஓர் உதறு உதறி விரிப்பை மேசையில் போட்டார். விரல்கள் தடுமாற, ஓரத்தை இரண்டு முறை தேடிப் பிடித்தார். "என் வாய் என் பேச்சைக் கேக்காது. அவர் கேட்டதும் பரவாயில்லைன்னு சொல்லிடும். போன்ல இருக்கிற ஆள் அதை அப்படியே மாத்திச் சொல்லுவாரு. டாக்டரும் சந்தோஷமா அனுப்பிடுவாரு. அப்புறம் இந்தக் கை?"

கேள்வி கேட்பவர்கள் டாக்டர் அறைக்குள் கூட வரக் கூடாது என்ற விதியை நான் சொல்லத் தொடங்கினேன். அவர் காதில் வாங்கவில்லை.

"நீங்க எனக்காக எதுவும் பேச வேணாம். பக்கத்துல உக்காந்தாப் போதும். நான் பரவாயில்லைன்னு சொல்றப்ப என் முகத்தைப் பாருங்க. பாத்துட்டு, அது எந்தப் பரவாயில்லைன்னு மட்டும் அவருக்குச் சொல்லிடுங்க, தங்கச்சி."