அழகுமுத்து அடிக்காமல் விட்ட தப்பு

சிங்களப் பெண்ணுக்காகத்தான் அழகுமுத்து புத்தர் கோயிலான பன்சலைக்குப் போகிறான் என்று தண்ணி பிடிக்கும் பைப்படியில் நின்று சொல்கிறார்களே, எந்தப் பெண் என்று ஒருத்தியாவது பேர் சொல்லட்டும் பார்ப்போம். பன்சலையில் காணி கொடுத்தார்கள் என்கிறார்கள். எங்கே அந்தக் காணி? பெண்சாதி மீனம்மாவோடு அதே லயத்து வரிசையின் ஒற்றைக் காம்பராவில்தான் குடித்தனம் பண்ணினான்.

வட்டவளைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில், மாரியம்மன் திருவிழாவுக்குத் தப்பு மேளம் அடிப்பது அவன் வீட்டு ஆண்கள்தான். அடிப்பது கோயில் படிக்கு வெளியே நின்று. உள்ளே ஐயர் சொல்லும் மந்திரம் அவன் பாட்டனுக்கும் விளங்கியதில்லை.

போன வருசம் பன்சலைக்கு மதில் கட்டப் போனான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது பழக்கத்தில் படியிலேயே நின்றுவிட்டான். "உள்ள வாங்க, இங்க யாருக்கும் தனி எடம் இல்ல" என்று பிக்கு தமிழில் சொன்னார். புத்தர் முன்னால், தோட்டத்து அதிகாரி கண்டாக்கையா வீட்டம்மா வைத்த பூவுக்குப் பக்கத்தில் இவன் பூவும் இருந்தது. பிக்கு கதை சொன்னார்: அந்தக் காலத்திலும் யாகமென்று ஆடுமாடு வெட்டினார்களாம், விளங்காத பாசையில் ஓதினார்களாம். புத்தர் சனங்கள் பேசுகிற பேச்சிலேயே வந்து, வெட்டாதே, பிறப்புப் பார்க்காதே என்றாராம். அது அவன் மனசில் தங்கிவிட்டது.

இந்த வருசத் திருவிழாவில் கிடாய்க்கு மஞ்சத்தண்ணி ஊற்றினார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் அம்மன் சம்மதித்துவிட்டாள் என்று வெட்டுவார்கள். சிலுப்பும்வரை தப்பு வேகமாக அடிக்க வேண்டும். கிடாய் மிரண்டு அவனையே பார்த்தது. அழகுமுத்து கையை நிறுத்தினான். கிடாய் அசையாமல் நின்றது. கத்தி ஓங்கியவன் அப்படியே நின்றான். சிலுப்பாத கிடாயை வெட்ட யாருக்குத் துணிச்சல்?

"அடிடா" என்றார் கோயில் தலைவர் சோலைமலை.

"அது சம்மதிக்கலங்க தலைவரே. நான் அடிச்சி சம்மதிக்க வைக்க மாட்டேன்."

திருவிழா அதோடு நின்றது. வருகிற பௌர்ணமிப் போயாவுக்குள் தப்போடு கோயிலுக்கு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் அவன் வீட்டுச் சாவுக்குத் தோட்டத்தில் ஒருவனும் தோள் கொடுக்கமாட்டான் என்றார் தலைவர். அவன் தாய் படுத்த படுக்கையில் கிடந்தது அவருக்குத் தெரியாதா?

போயா அன்று காலையில் மீனம்மா வாசலை மறித்தாள். "ஆத்தாவத் தூக்க நாலு பேரு வேணாமா? ஒரு தடவ கேட்டுட்டு வந்துருங்க."

அவன் தாயின் பக்கம் திரும்பினான்.

"செத்தவளுக்கு யாரு தூக்குனா என்னடா" என்றாள் கிழவி. "நீ நெனச்ச எடத்துக்குப் போ."

மீனம்மா அழுதபடி விலகினாள். லயம் முழுக்க வாசலில் நின்று அவன் கையைப் பார்த்தது. தப்பு உள்ளே ஆணியில் தொங்கியது. கையில் கொஞ்சம் பூ இருந்தது. கோயில் பாதை மேலே ஏறும், பன்சலைப் பாதை கீழே இறங்கும். அவன் கீழே இறங்கினான்.