துவைக்காத சட்டை

எனக்கு எழுபத்தொன்பது வயது. நான் வளர்த்தது நான்கு பேரை: இரண்டு மகன்கள், ஒரு மகள், ஒரு வெள்ளைக் காண்டாமிருகம். நால்வரில் அடம்பிடிக்காமல் பால் குடித்தது காண்டாமிருகம்தான், ஒரே ஒரு நாளைத் தவிர.

1990-களில் அமெரிக்காவில், சுகர் லேண்டில் பெரிய மகன் வீட்டில் இருந்தேன். ஃப்ரீவேயில் முக்கால் மணி நேரம் போனால் ஒரு விலங்குப் பண்ணை. அங்கே கொட்டில் கழுவும் வேலை. சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக வரும் மகன், நான் ஏறியதும் கார் கண்ணாடி நாலையும் இறக்கிவிடுவான்.

அங்கே தாயில்லாத காண்டாமிருகப் பெட்டைக்கன்று ஒன்று வந்தது. "கொம்புக்காக இதுங்களைச் சுட்டுத் தள்றாங்க ஆன்ட்டி. இவ பொழைச்சா ஒரு மந்தைக்கே வழி" என்றார் பண்ணையின் மிருக டாக்டர் சுந்தரி. சென்னைப் பெண். நான் ஊரில், கோபிப் பக்கம் எருமை வளர்த்தவள் என்று என்னிடம் பால் பாட்டிலைக் கொடுத்தார். கன்றுக்குக் குண்டம்மா என்று பேர் வைத்தேன்.

பத்து நாள் ஒழுங்காகக் குடித்தாள். அடுத்த நாள் தீபாவளி. எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளித்து, புதுச்சட்டையோடு போனேன். ஒருதரம் முகர்ந்தாள், புஸ்ஸென்று மூச்சு விட்டு மூலைக்கு ஓடினாள். மதியமும் அப்படியே. வயிறு ஒட்டிவிட்டது.

"இன்னொரு ஃபீட் மிஸ் ஆனா தாங்காது. ட்யூப் போட்டாலும் ரிஸ்க்தான் ஆன்ட்டி."

"நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க குடிச்சா!"

டாக்டர் என் அருகே வந்து மூக்கை உறிஞ்சினார். "ஐயோ, கமகமன்னு வந்திருக்கீங்க! அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. வாசனைதான் அடையாளம். யாரோ புது ஆள்னு நெனச்சிருக்கு."

"நல்ல நாளும் அதுவுமா அழுக்கா வரச் சொல்றீங்களா?"

"ஆமா."

லாக்கரில் முந்தின நாள் சட்டை துவைக்காமல் கிடந்தது. அதை மாட்டினேன். தலையைத் துண்டால் மூடி, கொட்டில் வைக்கோலைக் கையெல்லாம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். குண்டம்மா மெல்ல வந்தாள். சட்டையை முகர்ந்தாள். தோளில் ஒரு முட்டு. பிறகு இரண்டு பாட்டில், மடமடவென்று.

"ஹாப்பி தீபாவளி ஆன்ட்டி!" என்று சிரித்த டாக்டரின் கண் கலங்கியிருந்தது.

வளர்ந்ததும் வேறு ஊர் மந்தைக்கு அனுப்பினார்கள். கூண்டுக்குள் அந்தச் சட்டையைக் கட்டிவிட்டேன். அங்கே அவள் கன்று போட்டதாகப் பின்னால் செய்தி வந்தது. மிருகத்திடம் வேலைக்குப் போகிறவர்களே, நேற்றுப் போன மாதிரியே இன்றும் போங்கள். நாள் கிழமையெல்லாம் நமக்குத்தான்.

"நிலா கண்ணு, பாட்டி சொல்லச் சொல்ல எழுதுனது போதும். இப்ப வாசி, கேக்கறேன். உங்கப்பன் கார் கண்ணாடிய எறக்குன எடத்த மட்டும் சத்தமா வாசி."