வெர்லினின் படகில் குடியேறிய சதுப்புக் கனாரி

வெர்லின் கிட்ரோ பேசுவதே அபூர்வம். அச்சாஃபலாயா சதுப்பில் கூண்டு வைத்து கிராஃபிஷ் பிடிப்பவள். இறாலுக்குப் பங்காளியான அந்தச் சேற்றுப் பிராணியைப் பிடிப்பதில் எங்கள் ஓடையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அப்பா இறந்த பிறகு அவருடைய துறை, அவருடைய கூண்டுப் படகு என்று தனியாகவே இருந்துவிட்டாள். நான் அடுத்த துறைக்காரி. அவளுக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன்.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. மே மாதம் பாதிரியார் படகுகளை ஆசீர்வதிக்கும் திருநாளன்று காலையில் துடுப்புப் பந்தயம் நடக்கும். ஜெயித்த படகுதான் ஊர்வலத்தில் பாதிரியாருக்கு அடுத்து முதலில் போகும். ஊர்ப் படகெல்லாம் அதற்குப் பின்னால். வருஷா வருஷம் ஜெயிப்பவன் அவள் பெரியப்பா மகன் க்ளோவிஸ். இரண்டாவதாக வருவது வெர்லின்.

"ரெண்டாவது வர்றதுக்கும் ஒரு ஆள் வேணும்ல தங்கச்சி" என்பான். அவள் படகைத் துடைத்துக்கொண்டிருப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் ஏப்ரலில், பயிற்சிக்காகத் தன் பந்தயப் படகை எடுக்கப் போனவள் வெறுங்கையோடு வந்தாள். தண்ணீருக்கு மேல் நிற்கும் கொட்டகையில் அதைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தாள். தண்ணீர் இறைப்பதற்காக அதில் கட்டியிருந்த காப்பித் தகர டப்பாவுக்குள் ஒரு சதுப்புக் கனாரிக் குருவி கூடு கட்டியிருந்தது.

"முட்டை இருக்கு அக்கா."

"தகரத்தை மட்டும் அவுத்து ஆணியில மாட்டு."

"எடம் மாறுனா விட்டுட்டுப் போயிரும். அது குஞ்சு பொரிச்சுப் போகட்டும்."

முதல் முட்டைகளைப் பாம்பு தின்றது. சனியன் பிடித்த குருவி அதே தகரத்தில் மறுபடியும் இட்டது. திருநாள் வந்தபோது உள்ளே குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன.

அழகு என்னவோ அழகுதான். கைப்பிடிக்குள் அடங்கும் உடம்பு. தலையும் மார்பும் முட்டைக் கருவின் மஞ்சள், சிறகு நீலச் சாம்பல், கண் மட்டும் கறுப்பு மணி. ஆண் குருவி மார்ச்சிலேயே வந்து, கண்ணில் படும் பொந்திலெல்லாம் பாசியைத் திணித்து இடம் பிடிக்கும். பிறகு பெட்டை வந்து, அதில் ஒன்றைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு இரண்டும் தண்ணீருக்குச் சற்று மேலே, விழுந்த மரங்களிலும் அடிமரங்களிலும் தத்தித் தத்திப் புழுவும் சிலந்தியும் ஈசலும் பொறுக்கும். ஒரே சுரத்தில் காது கிழியப் பாடும்.

"பந்தயத்துக்குப் பயந்து குருவி மேல பழியப் போடுறா" என்று க்ளோவிஸ் ஊரெல்லாம் சொன்னான்.

"கூண்டுப் படகுல வர்றேன்" என்றாள் வெர்லின். துறையே சிரித்தது. தட்டை அடி, அகல உடம்பு. மாடு மாதிரிதான் நகரும்.

பந்தயத்துக்கு முந்தின நாள் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தினாள். "கேளுங்க அக்கா."

ஒரு கனாரி பாடியது. தள்ளி இன்னொன்று. அதற்கும் அப்பால் ஒன்று. பழைய காலத்தில் மரக்கிடங்கு ஏரியிலிருந்து மரம் மிதக்கவிட்ட குறுக்கு வாய்க்கால் போகும் திசை அது. ஓடையில் தண்ணீர் இறங்கினால் அதுவும் வற்றிவிடும் என்று ஊரே நம்பி அதை மறந்திருந்தது. அதன் வாயை கரையோர வில்லோ மரப் புதர் மூடிவிட்டது.

"தண்ணி நிக்காத எடத்துல இதுங்க குடும்பம் நடத்தாது. வாய்க்கா கடைசி வரைக்கும் பாடுது."

"உள்ள போய்ப் பார்த்தியா?"

"இல்ல. போனா புதர் ஒடிஞ்சிருக்கும். க்ளோவிஸ் அண்ணன் கண்டுபிடிச்சிருவாரு."

மறுநாள் பந்தயத்தில், மரக்கிடங்கு ஏரியில் நட்ட கம்பத்தைச் சுற்றிவிட்டுக் கோயில் துறைக்குத் திரும்ப வேண்டும். எந்த வழியில் போவது என்பது அவரவர் இஷ்டம். எல்லாரும் ஓடையின் பெரிய வளைவில் போனார்கள். வெர்லின் புதரைப் பிளந்துகொண்டு உள்ளே மறைந்தாள். வாய்க்கால் வற்றியிருந்தால் காலம் பூராவும் சொல்லிக் காட்டுவார்கள்.

ஏரியில் நடந்ததைப் பிறகு க்ளோவிஸே ஒப்புக்கொண்டான். அவன் கம்பத்தை நெருங்கியபோது, அவள் அதைச் சுற்றிவிட்டு எதிரே வந்துகொண்டிருந்தாளாம். விடுவானா? அவள் பின்னாலேயே வாய்க்காலுக்குள் நுழைந்தான். அங்கே தண்ணீர் இருந்தது. ஆனால் முழங்கால் அளவுகூட இல்லை. அவளுடைய தட்டைப் படகு மூழ்கிய மரங்களின் மேல் வழுக்கிப் போனது. அவனுடைய ஒல்லிப் படகு, அவன் தொப்பையின் கனத்தில் ஆழமாக அழுந்தி, இரண்டு மரங்களுக்கு நடுவில் சிக்கிக்கொண்டது.

"ஏய் வெர்லின், ஒரு கை குடு."

"திருநாள் முடிஞ்சதும் வர்றேன் அண்ணே. அதுவரைக்கும் எறங்கித் தள்ளிப் பாருங்க."

அவள் தனியாகத் துறைக்குள் வந்தபோது நான் கத்திய கத்தில் தொண்டை கட்டிவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஊர்வலம் கிளம்புகிற நேரத்துக்கு க்ளோவிஸ் இடுப்புவரை சேற்றோடு வந்து கடைசி வரிசையில் சேர்ந்துகொண்டான். இரை நாற்றம் அடிக்கும் அந்தக் கூண்டுப் படகின் மேல் பாதிரியார் தீர்த்தம் தெளித்து, "நீதான்மா முன்னால போகணும்" என்றார். வருஷா வருஷம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே துடுப்புப் போட்டவள், அன்று ஓடையைச் சுற்றிக் கோயில் துறைக்கு வந்து சேரும்வரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.