குத்துப்பந்தும் கீழ்வீட்டுக்காரரும்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்று விரிப்புகளைத் தேய்த்துவிட்டு வருபவளுக்கு, மாலையில் குத்துச்சண்டைப் பயிற்சிக்கான குத்துப்பந்தைக் குத்தும் அரைமணி நேரம்தான் சொந்தம். பந்து தொங்கும் பலகையைச் சுவரில் திருகாணியால் முடுக்கியிருந்ததால், ஒவ்வொரு குத்தும் கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் தலையில் இறங்கியது.

"நிறுத்து, இல்லன்னா காலி பண்ணு" என்றார். அதில் நியாயம் இருப்பதாக அவளுக்கும் பட்டது.

பலகையைக் கழற்றித் தனி இரும்புச் சட்டத்தில் மாட்டினாள். அது அதிராமலிருக்க மேலே மணல்மூட்டை வைத்து, சட்டத்தின் கால்களுக்கடியில் தடித்த ரப்பர் கொடுத்தாள். வீட்டுக்காரரின் மனைவியைக் கீழே சத்தம் கேட்கிறதா என்று கவனிக்கச் சொல்லிவிட்டுக் குத்திப் பார்த்தாள்.

"நீ நடக்குற சத்தம்கூட இதவிட ஜாஸ்திடி" என்றாள் அந்த அக்கா.

மறுவாரம் அவள் வேலைவிட்டு வந்து நுழைந்ததுமே வீட்டுக்காரர் மறுபடி படியேறி வந்தார். "நேத்தும் ஒரே இடி! மனுஷன் நிம்மதியா இருக்க வேணாமா?"

"பந்து கிழிஞ்சு நாலு நாளாச்சுண்ணே. தைக்கக் குடுத்திருக்கேன். உள்ள வந்து பாருங்க."

வெறும் சட்டத்தைப் பார்த்தவர் முகம் சுளித்தார். "சத்தம் கெடக்கட்டும். பொம்பள குத்துறான்னு தெருவே சிரிக்குது."

கத்தக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"சத்தம் என்னோடது, நிறுத்திட்டேன். சிரிப்பு அவங்களோடது, அவங்களப் போய்க் கேளுங்க. நான் காலி பண்ண மாட்டேண்ணே."

கதவைச் சாத்திவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.