பம்பர் பளபளப்பில் ஒரு கிடார்

கண்ணாயிரம் கோபப்பட்டால் ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் நிற்கிற மின்சார ரயில் பயந்துபோய் இரண்டு நிமிஷம் முன்னாடியே கிளம்பிவிடும். கட்டில், பீரோ, சவப்பெட்டி என்று எல்லாவற்றுக்கும் பாலிஷ் போட்டவர். தொண்ணூற்றைந்தில் யாரோ உடைந்த கிடாரை ஒட்டக் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தவர், அதைப் போலவே புதிதாக ஒன்றைச் செய்துவிட்டார். அதிலிருந்து வருஷத்துக்கு நாலு கிடார். ஐந்தாம் வகுப்பை மூன்று தடவை படித்தும் தாண்டாத ஆள். ஆனால் பலகையைத் தட்டியே அது நின்ற காட்டில் எத்தனை குரங்கு இருந்தது என்று சொல்லிவிடுவார்.

2004 ஈஸ்டருக்கு ஜெசிந்தா டீச்சர் ஒரு கிடார் கேட்டிருந்தார். மாமல்லபுரம் பக்கம் கடலோரத்தில் சின்ன மாதா கோயில். காலைப் பூசையில் எல்லாப் பாட்டுக்கும் அவர் வாசிப்புதான். அவருக்கு உள்ளங்கை ஏரி மாதிரி வியர்க்கும். பழைய கிடாரின் கழுத்தில் கண்ணாடி போல பளபள பாலிஷ். கிறிஸ்துமஸ் அன்று உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்து கட்டைவிரல் அதில் ஒட்டிக்கொள்ள, பாட்டு நடுவிலேயே நின்றுபோனது. கோயிலுக்கு வருகிறவர்கள் நாலு மாதமாகச் சிரிக்கிறார்கள். அதனால் இந்தத் தடவை சாட்டின் பாலிஷ்: மினுங்காது, கை வழுக்கிக்கொண்டு போகும்.

கண்ணாயிரம் மெலிசாகத் தேய்த்துக் காயப்போட்டுவிட்டு, புதன்கிழமை கம்பி வாங்கச் சென்னைக்குப் போனார். அன்று பார்த்து வந்தான் மச்சான் ரஞ்சித்குமார், மனைவி ரேணுகாவின் தம்பி. மறைமலைநகரில் கார் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கிறவன். மங்கலாகத் தொங்கிய கிடாரைப் பார்த்து, மாமா வேலையைப் பாதியில் விட்டுவிட்டார் என்று பரிதாபப்பட்டு, கம்பெனி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனான்.

வெள்ளிக்கிழமை காலையில், மாமா சென்னையிலிருந்து திரும்பியதும், கொண்டுவந்து நீட்டினான்.

"இன்னாடா இது?"

"சர்ப்ரைஸ் மாமா! நாலு கோட்டு பம்பர் வார்னிஷ் அட்ச்சிக்கீறேன். மூஞ்சி தெர்து பாரு."

கண்ணாயிரம் பலகையைத் தட்டினார். முன்பு 'தொம்' என்று நீளமாக வந்த சத்தம் இப்போது 'டொக்' என்று செத்து விழுந்தது.

"கிடாராடா இது, கார் கதவுடா! டீச்சரம்மா போன தபா அழுதுகினு போச்சி. நாளான்னிக்கு மறுபடியும் விரல் ஒட்டிக்கினு நிக்கணுமா?"

"அக்கா சூப்பரா கீதுன்னு சொல்லிச்சே மாமா."

"உங்க அக்கா என்னையே சூப்பர்னு சொன்னவ! ஒக்கார்றா!"

உப்புத்தாளை அவன் கையில் திணித்தார். ஒன்றரை நாள். ரஞ்சித் தேய்த்தான், கண்ணாயிரம் திட்டினார். தாள் தேய்ந்தது, விரல் தேய்ந்தது, வாய் மட்டும் தேயவில்லை. கழுத்தும் முன்பலகையும் மரமாகத் திரும்பி வந்தன; அவற்றில் மறுபடி சாட்டின் தேய்த்தார். முதுகுக்கு நேரமில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் டீச்சர் வந்து வாசித்துப் பார்த்தார். விரல் வழுக்கியது, சத்தம் நீண்டது. பிறகு திருப்பிப் பார்த்தார்.

"அண்ணா, முதுகு மட்டும் ஏன் கண்ணாடி மாதிரி கீது?"

"அது எங்க மச்சான் தல வாரிக்கிறதுக்கு டீச்சரம்மா."

டீச்சர் சிரித்தார். ரஞ்சித்தும் சிரித்தான். கண்ணாயிரம் சிரிக்கவில்லை.

ஈஸ்டர் பூசையில் ஒரு பாட்டும் நிற்கவில்லை. திங்கட்கிழமை டீச்சர் அதைச் சொல்லக் கிடாரோடு வந்தபோது, அன்று சிரித்த ஆட்களே "அந்தப் பாட்ட இன்னொரு தபா" என்று கேட்டதாகச் சொன்னார். கோபம் இறங்கியிருக்கும் என்று நம்பி ரஞ்சித் எட்டிப் பார்த்தான்.

கண்ணாயிரம் கிடாரைக் குப்புறப் போட்டு, மேலே புது உப்புத்தாள் ஒன்றை வைத்தார்.

"வா மச்சான், முதுகு பாக்கி கீது."